அவில்தார் வாசித்த செய்தி

பட்டாபிராமில் இருந்த வருடங்களில் நான் ஒரு ரேடியோ அறையில் குடியிருந்தேன். பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்புறம் ஒட்டிக் கட்டிய சின்ன அறை. உள்ளே சர்க்கார் கொடுத்த பெரிய வால்வு ரேடியோ, அதன் பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், இவற்றைத் தாங்கும் மேசை. மேசைக்கு அடியில் என் பாய். கால் நீட்டினால் சுவர் இடிக்கும். குறுக்கிக்கொண்டு படுத்தே பழகியவனுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனராகச் சுற்றினேன். பூந்தமல்லி பக்கம் செங்கல் சூளையில் மண் மிதித்தேன். கொஞ்ச காலம் டூரிங் டாக்கீஸில் படப்பெட்டி தூக்கினேன். எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. பட்டாபிராமுக்கு வந்தது மிலிடரி சைடிங்கில், கிடங்குக்குப் பிரியும் தண்டவாளத்தில், வேகன் இறக்க. படுக்கை பிளாட்பாரத்தில். அதைப் பார்த்த பஞ்சாயத்துத் தலைவர், "இங்க படுத்துகினு போலீஸ்காரன்கிட்ட ஒதை வாங்குறதுக்கு அந்த ரேடியோ ரூம்ல போய் படு. சாயங்காலம் ரேடியோவப் போடு, அப்புறம் அணை. அவ்ளோதான் வேலை" என்றார். சம்பளம் கிடையாது. கூரை ஒழுகாது. ஒப்புக்கொண்டேன்.

அந்த ரேடியோவிலிருந்து மூன்று குழாய் ஒலிபெருக்கிகளுக்குக் கம்பி போனது. ஒன்று கட்டடத்துக் கூரையில், ஒன்று ரயில்வே கேட்டருகே, மூன்றாவது ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பனந்தூணின் உச்சியில். ஏரிக்கரையின் நடுவில் நின்று கேட்டால் ஒரே சொல் மூன்று முறை வரும். பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, கடைசியாகத் தண்ணீரின் மேல் நடந்து வருவதுபோல் ஒன்று. சாயங்காலங்களில் ஏரி ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடக்கும். நெல்விலை, டில்லிச் செய்தி, நாதஸ்வரம் எல்லாம் அதன் மேல் மிதந்து போகும். மாடு ஓட்டிக்கொண்டு வருபவர்கள் நடையை மெதுவாக்குவார்கள். எனக்கு அந்த நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். நான் அந்த ஊரில் நீடித்ததற்கு அந்த மறதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செய்தி முடிந்ததும் அவில்தார் பேசுவார்.

அவர் ராணுவத்தில் அவில்தாராக இருந்தவர் அல்ல. மிலிடரி கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளுத்த காக்கிச் சட்டையை விடாமல் போட்டுக்கொண்டதால் ஊர் அவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்தது. அவரும் மறுக்கவில்லை. மெலிந்த ஆள். கழுத்தில் பெரிய குரல்வளை மேலும் கீழும் ஏறி இறங்கும். அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

யுத்த காலத்தில் தொடங்கியதாம் அது. விளக்கெல்லாம் அணைத்துவிட்டு ஊர் பயந்து கிடந்தபோது, ரேடியோ சொன்ன செய்தி யாருக்கும் சரியாகப் புரியவில்லை. தலைவர் ஒரு மைக்கை வாங்கிப் பொருத்தி, "நீ மிலிடரில இருந்தவன், இவங்களுக்கு விளங்குறாப்ல சொல்லு" என்று இவரை உட்காரவைத்தார். யுத்தம் முடிந்தது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை. எல்லையில் எதிரி இல்லாமல்போகவே, ஊருக்குள் எதிரிகளைத் தேட ஆரம்பித்தார் என்று தலைவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. காதை மூடும் முடி, இறுக்கமான பேன்ட், லாட்டரிச் சீட்டு, சாராயக் கடை, சினிமா, காதல் கல்யாணம், கையில் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பையன்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியலில் முதல் லோக்கலைப் பிடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்கள்.

"அடுப்பாண்ட இருக்க வேண்டியவ டேசனாண்ட இன்னாத்துக்கு நிக்கிறே? அப்பன் மம்பட்டி புடிச்சான், ஆத்தா நாத்து நட்டா, நீ டிபன் பாக்ஸ் தூக்கிகினு மிசின்ல நிக்கப் போறியா? ஊடு இன்னா ஆவறது?"

இப்படிப் போகும். சாராயக் கடையை அவர் திட்டும் நாட்களில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மறுநாள் யாராவது ஒருத்தி அறை வாசலில் முறுக்கோ முருங்கைக்கீரையோ வைத்துவிட்டுப் போவாள். சாராயக் கடைக்காரர்கள் கம்பியை அறுத்துவிடுவார்கள். நான் ஏறி முடிச்சுப் போடுவேன். பெண்கள் வேலைக்குப் போவதைத் திட்டும் நாட்களில் அதே பெண்கள் குழாய்மேல் சாணி அடிப்பார்கள். அவரைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். டீக்கடையில், "இன்னிக்கு யார் தலைய உருட்டப் போறான் பாப்போம், இரு மச்சான்" என்று இன்னொரு டீ சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குழாயிடம் திருப்பிப் பேசுவது அந்த ஊரின் வழக்கம். குழாய்க்குக் காது கிடையாது என்று தெரிந்தாலும் நின்று கத்துவார்கள். கேட் அருகே யாராவது கத்தினால் கேட்கீப்பர் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு என்னிடம் சொல்வார், நான் அவில்தாரிடம் சொல்வேன், மறுநாள் சாயங்காலம் அவர் குழாயில் பதில் சொல்வார். ஒரு கேள்விக்குப் பதில் வர ஒருநாள் ஆகும். சண்டை வாரக்கணக்கில் நடக்கும்.

அப்படிச் சண்டை போட்டவர்களில் ஒரு பெண் இருந்தாள். என்னோடு சைடிங்கில் வேகன் இறக்கியவரின் மகள். ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் ரேடியோவுக்குச் செப்புக்கம்பிச் சுருள் சுற்றும் வேலை. ஒருநாள் வேலை முடிந்து வருகையில் கேட்டில் நின்று, குழாயை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"யோவ் அவில்தாரு! நான் அடுப்பாண்டயே உக்காந்துக்கிறேன். நீ வந்து அரிசி போடு!"

மறுநாள் அவர் பதில் சொன்னார். "நேத்து ஒரு பொண்ணு என்னை அரிசி போடச் சொல்லுச்சாம். கட்டிக்கப் போறவனைக் கேக்க வேண்டியத, கொழாயாண்ட கேக்குது. அதுக்குத்தான் சொல்றேன், காலாகாலத்துல கல்யாணத்தப் பண்ணு."

அதற்கு மறுநாள் அவள், "உங்க ஊட்ல சொல்லு, அந்தக் கொழாயிக்குப் பொண்ணு பாக்கச் சொல்லி!" என்றாள். கேட்கீப்பர் இதை என்னிடம் சொல்லும்போது சிரிப்பில் கொடியைக் கீழே போட்டார்.

இன்னொன்றையும் அவில்தார் வெறுத்தார். வேஷம் கட்டுவது. கல்யாண வீடுகளில் யாராவது நடிகர்கள் மாதிரி குரல் மாற்றிப் பேசிக் காட்டினால் எழுந்து போய்விடுவார். "அடுத்தவன் கொரல்ல பேசுறவனுக்குச் சொந்தமா ஒரு வாய் இல்லைன்னு அர்த்தம். கூத்தாடிப் பய" என்று குழாயிலேயே சொல்லியிருக்கிறார்.

ஒரு மத்தியானம் நான் சைடிங்கிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பேசியது. அந்த நேரத்தில் நிலையத்தில் ஒலிபரப்பு கிடையாது. நான் வியந்துபோய் நின்றேன். தினமும் சாயங்காலம் மாநிலச் செய்தி வாசிக்கும் அதே குரல். ஊரில் அதை மெட்ராஸ் குரல் என்பார்கள். மடிப்புக் கலையாத, அவசரமில்லாத, யார்மீதும் கோபமில்லாத குரல்.

"இன்று காலை நமது இல்லத்தில் ரசத்தில் உப்புக் குறைவாகக் காணப்பட்டது. இது குறித்து விசாரணை நடந்து வருகிறது. சமையலறை வட்டாரங்கள் கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டன."

கதவைத் தள்ளினேன். அணைத்து வைத்த மைக்கின் முன்னால் அவில்தார் மட்டும் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு அமைதி. குழாயில் கத்தும் ஆளுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் குரல்வளை ஏறி இறங்கியது.

"யாராண்டயும் சொல்லாத" என்றார்.

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சில மத்தியானங்களில் எனக்கு மட்டும் வாசித்துக் காட்டுவார். ஏரித் தவளைகளின் வேலைநிறுத்தம், தலைவரின் மீசையில் வெள்ளை படர்ந்தது பற்றிய அறிவிப்பு. ஜன்னல் வழியே வெயில் மேசையில் ஊர்ந்து போகும். நான் பாயில் படுத்துக்கொண்டே கேட்பேன். அந்தக் குரலில் எல்லாமே நடந்து முடிந்தது போலவும் எதற்கும் பயப்பட வேண்டாம் என்பது போலவும் இருக்கும்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம் இடியும் மின்னலுமாக இருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. செய்தி தொடங்கியதும் ரேடியோ வெறும் இரைச்சலாகப் பொரிந்தது. வெளியே கூடியிருந்தவர்கள், "டேய், இன்னாடா வறுக்கிறே உள்ள?" என்று கத்தினார்கள். நான் திருகிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவில்தார் என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு விஷமம். ஸ்விட்சை மைக் பக்கம் திருப்பச் சொல்லிக் கையால் காட்டினார். திருப்பினேன்.

இரைச்சல் நின்று, மெட்ராஸ் குரல் வந்தது.

"செய்திகள் தொடர்கின்றன. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் இடியுடன் மழை பெய்யக்கூடும். திருவள்ளூர் சந்தையில் கத்தரிக்காய் வரத்து அதிகரித்துள்ளது. திருமணமாகாத பெண்களுக்கு ரயில் சீசன் டிக்கெட் வழங்குவது அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது."

அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு தன் சொந்தக் குரலில், "இன்னா, பயந்துட்டீங்களா? நான் சர்க்காரா இருந்தா இதான் செய்தி!" என்றார்.

ஆனால் அதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்ததை நான் பார்த்தேன். கண் மூடியிருந்த அவர் பார்க்கவில்லை. செத்துப்போன மைக்கில் பேசி முடித்துவிட்டு, வெளியே சிரிப்பு கேட்கிறதா என்று காத்திருந்தார். மழைதான் கேட்டது. கூட்டம் கலைந்து ஓடியது. கரண்ட் போனதைச் சொன்னேன்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையிலேயே அரக்கோணத்தில் அவருடைய பெரியப்பா இறந்துபோனதாக ஆள் வந்தது. கருமாதி முடித்துத்தான் திரும்புவேன் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். சாயங்காலங்களில் நான் ரேடியோவை மட்டும் போட்டு அணைத்தேன்.

ஊர் என்ன செய்தது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஸ்டேஷனில் போய்க் கேட்டிருக்கிறார்கள். டிக்கெட் கொடுப்பவர், "எனக்கு இன்னும் ஆர்டர் வரலை" என்று சொல்லியிருக்கிறார். அந்த 'இன்னும்' போதுமாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்துதானே. ஒரு பெண் மஞ்சள் கயிறு வாங்கித் தானே கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாள். மாதா கோயில் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணாத்தே, எங்களுக்கு மோதிரம் போதுமா, இல்லாங்காட்டி ஃபாதராண்ட எழுதி வாங்கினு வரணுமா?" என்று கேட்டாள். அது செய்தியே இல்லை, அவில்தார் பேசியது என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அவரு கொரல் எங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

குழாயோடு சண்டை போட்ட பெண்ணின் அப்பா, வேகன் இறக்குபவர், அதைவிட ஒரு படி மேலே போயிருந்தார். வீட்டில் நிலையான வருமானம் என்றால் மகளுடையதுதான். வேகன் வந்தால்தான் அவருக்கு வேலை. சீசன் நின்றால் அவள் வேலை நிற்கும். ஆகவே அவளைக் கட்டிக்கொடுக்க, அவள் தாயின் தம்பியைத் திருநின்றவூரிலிருந்து வரவழைத்தார். மனைவியை இழந்தவர், மாட்டு வண்டி வைத்திருந்தார், அவளைவிட மிகவும் மூத்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போகலாம் என்று அவர் சம்மதித்தார். மாதம் பிறப்பதற்குள் முகூர்த்தம்.

சைடிங்கில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். "மாமே, சாமி சத்தியமா அது ரேடியோ இல்ல. நான் பக்கத்துலயே இருந்தேன். அவில்தாருதான் பேசினாரு."

"மச்சான், நீ நல்ல பையன்தான். ஆனா மேசைக்கு அடியில படுத்துகினு கெடக்கிறவன் நீ. உனக்கு மேல இன்னா நடக்குதுன்னு எங்க தெரியும்? மெட்ராஸ் கொரல் எனக்குத் தெரியாதா?"

"அவரு அந்தக் கொரல்ல பேசுவாரு மாமே."

"யாரு, வேசம் கட்டுனா காறித் துப்புற ஆளா? போடா, டபாய்க்காத."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவில்தார் திரும்பினார். மொட்டையடித்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் யோசித்தார்.

"கல்யாணம்தானே பண்றான்? கெட்டதா பண்றான்? நான் எத்தினி வருசமா தொண்டை கிழியக் கத்துறேன், இப்பத்தான் ஒருத்தன் கேட்டான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் வாசலில் நின்றாள். நான்தான் காலையில் கேட்டில் அவளைப் பார்த்து, இன்று வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தேன். கையில் மஞ்சள் பூசியிருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அவில்தாரு, நெசமா சொல்லு. அது உன் கொரலா?"

அவர் மைக்கின் கம்பியை இழுத்துச் சரிசெய்தார்.

"நீதான் பேசுனேன்னு இவரு சொன்னாரு. நான் நம்பிட்டேன். எங்கப்பன் நம்ப மாட்டேங்கிறாரு. எங்க மாமன் கெட்டவரு இல்ல. என்னைத் தூக்கி வளத்தவரு. நான் அவரு முதுகுல யானை ஏறி வெளையாடினவ. அவரை நான் எப்பிடிய்யா கட்டிக்குவேன்? ஒரு சீசன் டிக்கெட்டுக்கு ஒரு புருசனா?"

"பொம்பள வேலைக்குப் போறதே தப்புன்றேன் நானு."

"சொல்லிக்கோ. தெனம் சொல்லு. நானும் தெனம் திருப்பிக் கேப்பேன். இது அது இல்லியே. நீ சொன்னத நீ சொன்னேன்னு சொல்லு, போதும்."

அவள் போய்விட்டாள். அவில்தார் ரொம்ப நேரம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் செய்தி முடிந்ததும் தன் சொந்தக் குரலில் பேசினார். சீசன் டிக்கெட் செய்தி பொய், அப்படி ஓர் உத்தரவு கிடையாது, யாரும் அவசரப்பட்டுக் கல்யாணம் பண்ண வேண்டாம் என்றார். தான் வாசித்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம்தான் அவரால் வர முடிந்தது.

நான் ஏரிக்கரை வழியாக அந்தப் பக்கம் போய்க் கேட்டேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் குழாயைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பாத்தியா இவன் வேலைய!" என்றார் வேகன் இறக்குபவர். "இத்தினி நாள் கல்யாணம் பண்ணு பண்ணுன்னு கத்துனவன், இப்ப பண்ணாதேன்றான். ஏன்? கல்யாணம் ஆவலைன்னா சீசன் போயிடும். சீசன் போனா பொண்ணு ஊட்டோட கெடக்கும். அதானே இவனுக்கு வேணும்? சோமாரி, எவ்ளோ கணக்கு போடுறான் பாரு!"

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இத்தனை வருடம் அந்தக் குழாயைக் கேட்டவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

நான் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். அவில்தார் இருட்டும் வரை அறையிலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது, "காலைல வா, ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

விடிந்தபோது ஏரியின் மேல் பனிப்புகை மாதிரி ஏதோ நின்றது. மழைக்குப் பிந்தைய ஈர ஆவி. கரையில் நடந்து போனோம். அவர் முன்னால், நான் பின்னால். அந்தப் பக்கத்திலிருந்து கல்யாண வீட்டு மைக் செட்டில் ஓடும் நாதஸ்வர இசைத்தட்டின் சத்தம் வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேல் வந்ததால் அது தள்ளாடியது. அவர் ஒருமுறை நின்றார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி நடந்தார்.

பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அழைக்காத வீடு. மணையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மாமன். யாரோ, "வாய்யா அவில்தாரு, கல்யாணத்த நிறுத்த வந்தியா?" என்றார்கள். அவர் நேராக மைக் செட்காரனிடம் போய்த் தட்டை நிறுத்தச் சொன்னார். மைக்கை எடுத்தார். அறைக்குள் தனியாக உட்கார்ந்து பேசியவர், பகல் வெளிச்சத்தில் இத்தனை கண்களுக்கு முன்னால் மைக் பிடித்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"செய்திகள் தொடர்கின்றன. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் இடியுடன் மழை பெய்யக்கூடும். திருவள்ளூர் சந்தையில் கத்தரிக்காய் வரத்து அதிகரித்துள்ளது. திருமணமாகாத பெண்களுக்கு ரயில் சீசன் டிக்கெட் வழங்குவது..."

ஒரு சொல் மாறவில்லை. பந்தலில் அடுப்பு எரியும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஒரு கிழவி எழுந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் குனிந்து, ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அவர் குரல்வளையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தோ, இங்கதாண்டி கீது மெட்ராஸு!" என்றாள்.

அப்போது சிரித்தார்கள். பந்தலே சரிந்துவிடும்போலச் சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். அந்தச் சிரிப்பை அவர் முழுவதும் வாங்கிக்கொண்டார், குனியவில்லை. சத்தம் அடங்கியதும் சொந்தக் குரலில் சொன்னார்.

"பொண்ணு வேலைக்குப் போறது தப்புதான். அத்த நான் சாவற வரைக்கும் சொல்வேன். ஆனா அந்தச் செய்தி நான் சொன்னது. வெளாட்டுக்குச் சொன்னது. அத்த நம்பி தாலி கட்டாதீங்க."

வேகன் இறக்குபவர் மணைக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்தார். மாமன்தான் முதலில் எழுந்தார். கழுத்து மாலையைக் கழற்றி, அந்தப் பெண்ணின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

"அப்ப சீசன் நிக்கலியா? அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? எனக்கு வண்டி கெடக்கு மாமா, சோத்தப் போடு, தின்னுட்டுக் கெளம்புறேன்."

சமைத்தது வீணாகவில்லை. எல்லாரும் சாப்பிட்டோம். அவில்தாரையும் இழுத்து உட்காரவைத்தார்கள். அந்தப் பெண் அவருக்குச் சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். இலை வரிசையின் கடைசியிலிருந்து யாரோ, "அவில்தாரு, பாயசத்தப் பத்தி ஒரு செய்தி!" என்று கத்தினார்கள். அவர் தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் அதுவரை நான் பார்க்காத கூட்டம். செய்தி முடிந்தது, மைக் பக்கம் திருப்பினேன். அவர் லாட்டரிச் சீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நல்ல கோபத்தில்தான் பேசினார். வெளியிலிருந்து, "அந்தக் கொரல்ல சொல்லு அவில்தாரு, அப்பத்தான் நம்புவோம்!" என்றார்கள். பெண்கள் வேலைக்குப் போவதைத் திட்டினார். சிரித்தார்கள். சாராயக் கடையைத் திட்டினார். சாராயக் கடைக்காரர்களே கைதட்டினார்கள். கம்பியை யாரும் அறுக்கவில்லை, சாணி அடிக்கவில்லை. கேட்கீப்பரிடமிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. சிரிப்பவர்களோடு சண்டை போட அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானங்களில் எனக்கு வாசித்துக் காட்டுவதும் நின்றுபோனது. ஒருமுறை கேட்டேன். "அந்தக் கொரல் வர்ல" என்றார்.

பிறகு ஒரு சாயங்காலம், செய்தி முடியும் நேரத்தில் நான் கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தார். ரேடியோ தன்போக்கில் அடுத்த நிகழ்ச்சிக்குப் போனது. யாரோ வீணை வாசித்தார்கள். அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, மைக்கின்மேல் படிந்திருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வரவில்லை. கொஞ்ச நாட்கள் கூட்டம் செய்திக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தது. அப்புறம் செய்தி முடிந்ததுமே எழுந்து போகப் பழகிக்கொண்டது.

எனக்கும் அந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. கூடூர் பக்கம் பாலம் கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு விடியலில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் பெண் தன் கூட்டத்தோடு முதல் லோக்கலுக்கு நின்றுகொண்டிருந்தாள். சுருட்டிய பாயைப் பார்த்தாள்.

"கெளம்பிட்டியா அண்ணாத்தே? அவில்தாரு எப்பிடிக் கீறாரு?"

"கீறாரு. ஊட்லயே கீறாரு."

"இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்றதில்ல."

ஆவடிப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. ரயில் வரும் சத்தம் தண்டவாளத்தில் கேட்டது. டிபன் பாக்ஸை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்களத் திட்டவாச்சும் வரச் சொல்லியிருக்கலாம் நீ" என்றாள். "நான் எத்தினி பதில் யோசிச்சு வெச்சுகினு கீறேன், தெரியுமா?"

ரயில் வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள். என் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. பாயைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.